நேம் பிளேட்டைக் கூட்டிப் போட்ட கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில், மின்னியல் துறை மாணவர்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "ஏதாவது பசங்களுக்கு உபயோகமா பேசு, ஹாஸ்டல் கதையெல்லாம் வேண்டாம்" என்றார். உபயோகமான விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆனால் அது நான் செய்த ஒரு தவறைப் பற்றியது. முப்பது வருஷத்துக்கு மேல் மில்லில் எலெக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் பார்த்தவன், ஒரு சின்ன பவர் சப்ளைக்குக் கணக்குப் போடத் தெரியாமல் விழித்த கதை. சர்வோ மோட்டார் வைத்து ப்ராஜெக்ட் செய்யும் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என் அக்கா மகன் கோயம்புத்தூர் கணபதியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறான். 2018-ல் கையால் ஓட்டும் ஒரு பழைய மில்லிங் மெஷினை வாங்கி, அதைத் தானே சி.என்.சி.யாக மாற்ற ஆசைப்பட்டான். பழைய இயந்திரங்களைப் பிரித்து விற்கும் கடையில் மூன்று டி.சி. சர்வோ மோட்டார் கிடைத்தது. பிரஷ் வைத்த மோட்டார், பின்னால் என்கோடர். அதை ஓட்ட 80 வோல்ட் வரை தாங்கும் மூன்று டிரைவ் வாங்கினான். கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கித்தான் இதெல்லாம். மோட்டாரும் டிரைவும் வந்த பிறகு எனக்கு போன் செய்தான். "மாமா, பவர் சப்ளை மட்டும்தான் பாக்கி. டிரான்ஸ்பார்மர் எத்தனை கே.வி.ஏ. சுத்தச் சொல்லட்டும்?"

நேம் பிளேட்டைப் படிக்கச் சொன்னேன். 72 வோல்ட். தொடர்ந்து ஓட 6 ஆம்பியர். உச்சபட்சம் 25 ஆம்பியர். உடனே மனக்கணக்கு: 72 பெருக்கல் 25, 1,800 வாட். மூன்று மோட்டார், 5,400 வாட். எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. "மூணும் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போகாது, பாதி போதும். 2.5 கே.வி.ஏ. சுத்தச் சொல்லு. செகண்டரி 52 வோல்ட் ஏ.சி., அதை ரெக்டிஃபை பண்ணினா 72 வோல்ட் டி.சி. வந்துரும்" என்றேன். போனில் மூன்று நிமிஷம். ஒரு காகிதம்கூட எடுக்கவில்லை.

காயில் சுற்றுகிறவர் ஒரு வார்த்தை கேட்டாராம்: "ஏனுங்க தம்பி, மூணு சின்ன மோட்டாருக்கு இத்தனை பெருசு வேணுங்களா?" மாமா இன்ஜினியர், அவர் சொன்னார் என்று இவன் பதில் சொல்லியிருக்கிறான்.

டிரான்ஸ்பார்மர் வந்தது. ஒரு ஆள் தூக்க முடியாத கனம். ஸ்விட்ச் போட்டால் பத்தில் நாலு தடவை எம்.சி.பி. விழுந்தது. அவ்வளவு பெரிய கோர் ஆன் ஆகும் நொடியில் இழுக்கிற கரண்ட் அப்படி. அதற்கு ஏதோ சமாதானம் சொல்லி, பெரிய எம்.சி.பி. போடச் சொன்னேன். அதுவும் என் யோசனைதான்.

இரண்டு வாரம் பகலில் ஒழுங்காக ஓடியது. ஒரு ஆர்டரை முடிக்க வேண்டும் என்று ஒரு நாள் இரவு பத்தரை மணி வரை உட்கார்ந்திருக்கிறான். எக்ஸ், ஒய் இரண்டு ஆக்ஸிஸும் ஒன்றாக வேகமாகத் திரும்பி வந்து நின்ற நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாசனை. இரண்டு டிரைவ் போய்விட்டது. ஒன்று சுமார் 12,000 ரூபாய். மறுநாள் காலையில் போன் செய்து சொன்னான். நான் மௌனமாக இருந்ததைப் பார்த்து அவனே, "பரவாயில்ல மாமா, என் டைம் சரியில்ல" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். நம் மெஷின்ஸ் லேப் சாரை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ரெக்கார்ட் நோட்டில் நேம் பிளேட் விவரத்தை அழகாக எழுதிக்கொண்டு போய் நீட்டினால், "இது மோட்டார் என்ன தாங்கும்னு சொல்லுது. லோடு என்ன கேட்குதுன்னு எங்கடா எழுதியிருக்க?" என்பார். மில்லில் வேலை பார்த்த காலமெல்லாம் கனெக்டட் லோடு வேறு, உண்மையான டிமாண்ட் வேறு என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். வீட்டுப் பையனுக்குச் சொல்லும்போது அது மறந்துவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம்.

முதலில் வோல்டேஜ். இதை நேம் பிளேட்டிலிருந்து எடுக்கக் கூடாது. மெஷின் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதிலிருந்து எடுக்க வேண்டும். அவன் மெஷினில் பால் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர். மோட்டாருக்கும் ஸ்குரூவுக்கும் நடுவில் 2-க்கு 1 பெல்ட். நிமிஷத்துக்கு 5 மீட்டர் வேகம் அவனுக்குப் போதும். அப்படியானால் ஸ்குரூ 1,000 சுற்று, மோட்டார் 2,000 சுற்று. இந்த மோட்டார் 1,000 சுற்றுக்கு 21 வோல்ட் பேக் இ.எம்.எஃப். கொடுக்கிறது. ஆகவே 2,000 சுற்றில் 42 வோல்ட். ஆர்மேச்சர் ரெசிஸ்டன்ஸ் 0.9 ஓம். வேகம் பிடிக்கும்போது 10 ஆம்பியர் போனால் 9 வோல்ட். ஆக மொத்தம் 51 வோல்ட். மேலே 20 சதவிகிதம் வைத்தால் 61. நான் சொன்ன 72 எங்கே, இது எங்கே! 72 என்பது மோட்டாரை 3,000 சுற்றில் ஓட்டுகிறவனுக்கு.

இந்த 21 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பழைய மோட்டாருக்கு டேட்டா ஷீட் கிடைக்காது. மோட்டார் ஷாஃப்டை டிரில்லிங் மெஷினில் பிடித்து, தெரிந்த வேகத்தில் சுற்றி, இரண்டு முனையிலும் மல்டிமீட்டரில் டி.சி. வோல்ட் பாருங்கள். அவ்வளவுதான், மோட்டாரே ஜெனரேட்டராகித் தன் ரகசியத்தைச் சொல்லிவிடும். அந்த எண்ணை 0.00955-ஆல் பெருக்கினால் ஒரு ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை என்பதும் கிடைக்கும். இந்த மோட்டாருக்கு 0.2. ரெசிஸ்டன்ஸை மட்டும் மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் பார்த்து நம்பாதீர்கள், பிரஷ் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் செலுத்தி வோல்டேஜ் அளந்து வகுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட். என் மூளை சறுக்கிய இடம் இதுதான். மோட்டாருக்குள் போகிற கரண்டும் சப்ளையிலிருந்து வருகிற கரண்டும் ஒன்றே என்று நினைத்துவிட்டேன். பி.டபிள்யூ.எம். டிரைவ் நடுவில் இருக்கும்போது அது அப்படி இல்லை. டிரைவ் ஒரு டி.சி. டிரான்ஸ்பார்மர் மாதிரி வேலை செய்கிறது. அதிக வோல்டேஜில் கொஞ்சம் கரண்ட் வாங்கி, குறைந்த வோல்டேஜில் நிறையக் கரண்ட் கொடுக்கும்.

ஒரு உதாரணம். கட்டர் இரும்பை வெட்டிக்கொண்டிருக்கிறது, டேபிளைத் தள்ள 1,000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ விசை வேண்டும் என்று வையுங்கள். 5 மில்லிமீட்டர் ஸ்குரூ, 90 சதவிகிதம் திறன் என்றால் ஸ்குரூவில் 0.88 நியூட்டன் மீட்டர், பெல்ட்டுக்கு முன்னால் மோட்டாரில் 0.44. இதற்கு 2.2 ஆம்பியர். உராய்வுக்கு 2 ஆம்பியர் சேர்த்தால் 4.2. ஆனால் வெட்டும்போது டேபிள் நிமிஷத்துக்கு 300 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. மோட்டார் 120 சுற்றில் ஊர்கிறது. பேக் இ.எம்.எஃப். இரண்டரை வோல்ட், ரெசிஸ்டன்ஸில் 3.8 வோல்ட். மோட்டாருக்குக் கிடைப்பது ஆறேகால் வோல்ட், 4.2 ஆம்பியர், மொத்தம் 26 வாட். 62 வோல்ட் சப்ளையிலிருந்து இதற்குப் போவது அரை ஆம்பியருக்கும் கீழே! வெட்டுகிற வேலையை ஸ்பிண்டில் மோட்டார் செய்கிறது. நம் சர்வோ டேபிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே.

வேகமாக நகரும்போது? உராய்வுக்கு 2 ஆம்பியர், 44 வோல்ட், 88 வாட். வேகம் பிடிக்கிற கடைசிக் கணத்தில் 10 ஆம்பியர், 51 வோல்ட், 510 வாட். ஆனால் அது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காது. அந்த நேரத்தைக் கெபாசிட்டரும், டிரான்ஸ்பார்மரின் தாங்கும் சக்தியும் பார்த்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மர் சூடாவது சராசரியில்தான். மூன்று ஆக்ஸிஸும் சேர்ந்து தொடர்ச்சியாக ஓடினாலும் சுமார் 250 வாட்தான்.

250 வாட் என்றால் 250 வி.ஏ. போதுமா? போதாது. ரெக்டிஃபையருக்குப் பின்னால் பெரிய கெபாசிட்டர் இருக்கும்போது, சைன் அலையின் உச்சியில் மட்டும் கரண்ட் கூர்மையாகப் பாயும். சராசரி கரண்டைவிட ஆர்.எம்.எஸ். கரண்ட் 1.6 முதல் 1.8 மடங்கு இருக்கும். காயில் சூடாவது ஆர்.எம்.எஸ்.-ஆல். 250-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 450. ஆக 500 வி.ஏ. டிரான்ஸ்பார்மர். நான் சொன்ன 2.5 கே.வி.ஏ.யில் ஐந்தில் ஒரு பங்கு. காயில்காரர் கேட்ட கேள்வியில் இருந்த இன்ஜினியரிங் என்னிடம் இல்லை.

பெரிதாக வாங்கினால் என்ன கெட்டுவிடும், பணம்தானே என்று சிலர் நினைக்கலாம். டிரைவ் ஏன் வெடித்தது என்று பார்த்தால் தெரியும். முழு லோடில் 52 வோல்ட் வரும்படி அவர் சுற்றியிருந்தார், அது முறைதான். நம் லோடோ அதில் பத்தில் ஒரு பங்கு. லோடு இல்லாதபோது செகண்டரி 54 காட்டியது. இரவில் பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் நின்ற பிறகு லைன் வோல்டேஜ் 230 இல்லை, 252. நானே அளந்தேன். 54 என்பது 59 ஆகிறது. 1.414-ஆல் பெருக்கி டயோடுக்குக் கழித்தால் டி.சி. 82 வோல்ட். டிரைவ் தாங்குவது 80. சும்மா இருக்கும்போதே எல்லையைத் தாண்டி நின்றிருக்கிறது.

இந்த 82-ன் மேல்தான் பிரேக் போடும் சக்தி வந்து ஏறியது. சர்வோ மோட்டார் நிற்கும்போது ஜெனரேட்டர் ஆகிவிடும், டிரைவ் அந்தச் சக்தியைச் சப்ளைக்கே திருப்பி அனுப்பும். டிரான்ஸ்பார்மர் பக்கம் போக ரெக்டிஃபையர் விடாது. கெபாசிட்டரில்தான் ஏற வேண்டும். எவ்வளவு சக்தி? 60 கிலோ டேபிளுக்கு அதிகமாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் அது 0.2 ஜூல்தான்! சக்தி முழுக்க மோட்டாரின் ரோட்டரில் இருக்கிறது. 2,000 சுற்றில் சுற்றும் ரோட்டர் ஒன்றுக்கு சுமார் ஆறரை ஜூல், ஸ்குரூவில் கொஞ்சம். இரண்டு ஆக்ஸிஸும் சேர்ந்து 14 ஜூல். அவன் போட்டிருந்த 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 82 வோல்டில் ஏற்கெனவே 33.6 ஜூல் வைத்திருக்கிறது. இரண்டையும் கூட்டி வோல்டேஜ் ஆக்கினால் 97 வருகிறது. வழியில் போகும் நஷ்டத்தைக் கழித்தாலும் 90-ஐத் தொட்டிருக்கும் என்பது என் ஊகம். டிரைவ் வெடிக்காமல் என்ன செய்யும்?

புது டிரான்ஸ்பார்மருக்கு இரண்டு பக்கமும் எல்லை பார்த்தோம். 500 வி.ஏ., செகண்டரி 45 வோல்ட். லோடில் 62 வோல்ட் டி.சி. இரவில் லைன் 252 போனாலும், லோடு இல்லாமல் 8 சதவிகிதம் ஏறினாலும், 74 வோல்ட், 80-க்கு உள்ளே. சாயங்காலம் லைன் 200-க்கு இறங்கினால் 53. நமக்கு வேண்டியது 51. மயிரிழைதான். அந்த நேரத்தில் மட்டும் ஆக்ஸிலரேஷனைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்கிறான். ஸ்டெபிலைசர் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், ஆனால் ரிலே மாறும் நொடியில் என்ன வருகிறது என்று அளந்துவிட்டு வையுங்கள்.

கெபாசிட்டருக்கு அமெரிக்க ஹாபிக்காரர்கள் ஒரு சுலபமான சூத்திரம் வைத்திருக்கிறார்கள். 80,000-ஐ ஆம்பியரால் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட். அது அவர்களுடைய 60 சைக்கிளுக்கு. நம் 50 சைக்கிளில் இரண்டு உச்சிகளுக்கு நடுவே 10 மில்லி செகண்ட். ஆகவே நமக்கு 80,000 அல்ல, 1,00,000. 8 ஆம்பியர், 62 வோல்ட் என்றால் 12,900. 4,700 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் கெபாசிட்டர் மூன்று இணையாகப் போட்டோம். 63 வோல்ட் கெபாசிட்டர் விலை குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அப்படியும் இரவில் 74 வோல்டில் இரண்டு ஆக்ஸிஸும் ஒன்றாக நின்றால் 86 வரை ஏறும் என்று கணக்கு சொன்னது. கெபாசிட்டரை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. அதனால் ஒரு கம்பேரேட்டர், ஒரு மாஸ்ஃபெட், 10 ஓம் 50 வாட் ஒயர் ஒவுண்ட் ரெசிஸ்டர். 77 வோல்ட் தாண்டினால் மாஸ்ஃபெட் ஆன் ஆகி ரெசிஸ்டரில் எரித்துவிடும். அந்த நேரத்தில் 7.7 ஆம்பியர், கிட்டத்தட்ட 600 வாட். 50 வாட் ரெசிஸ்டர் எப்படித் தாங்கும் என்றால், அது எரிவது கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் லைன் வோல்டேஜே ஏறி 77-க்கு மேல் நின்றுவிட்டால்? ரெசிஸ்டர் சிவந்துவிடும். அதற்காக அதன் முதுகில் ஒரு தெர்மல் ஸ்விட்ச். சூடானால் மெயின் கான்டாக்டரை விடுவிக்கும்.

இன்றைய மாணவர்கள் டிரான்ஸ்பார்மர் எதற்கு, 48 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் போட்டுவிடலாம் என்பீர்கள். போடலாம். லைன் ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது, அது பெரிய வசதி. ஆனால் அதற்குப் பொறுமை கிடையாது. உச்ச கரண்ட் ஒரு கணம் இழுத்தாலும் அணைந்து விடும். பிரேக் சக்தி திரும்பி வந்தால் ஓவர் வோல்டேஜ் என்று அணைந்து விடும். எஸ்.எம்.பி.எஸ்.-க்குப் பிறகு ஒரு டயோடு, அதற்குப் பிறகு கெபாசிட்டர், இதே ரெசிஸ்டர் சர்க்யூட், இவற்றைப் போட்டால் ஒழுங்காக இருக்கும். 230 வோல்ட் ஏ.சி. சர்வோ வாங்குபவர்களுக்கு ரெக்டிஃபையரும் கெபாசிட்டரும் டிரைவுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதிலும் வெளியே பிரேக் ரெசிஸ்டர் மாட்டும் முனை இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை அவன் ஏ.சி. பக்கத்தில் மட்டும் போட்டிருந்தான். அழுத்தினால் டிரான்ஸ்பார்மர் ஆஃப், ஆனால் கெபாசிட்டரில் இருக்கும் சக்தியில் டேபிள் இன்னும் நகர்ந்தது. ஒரு விரல் நசுங்க அந்த நகர்வு போதும். இப்போது அதே பட்டன் டிரைவின் எனேபிள் லைனையும் சேர்த்து வெட்டுகிறது. கெபாசிட்டருக்கு இணையாக 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கிறது. ஆஃப் செய்து ஒன்றேகால் நிமிஷத்தில் 5 வோல்டுக்கு இறங்கிவிடும். அதுவரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்று மூடியின் மேல் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். அவன் மகளுக்கு அப்போது நாலு வயது. ஷெட்டுக்குள் ஓடி வந்துகொண்டே இருப்பாள்.

புது சப்ளை 2019 பொங்கல் கழிந்து ஓடத் தொடங்கியது. மூன்று ஆக்ஸிஸும் ஓடும்போது கிளாம்ப் மீட்டரை மெயின் லைனில் மாட்டினேன். ஒரு ஆம்பியருக்குக் கீழே. எம்.சி.பி. ஒரு தடவைகூட விழவில்லை. இரவு பதினொரு மணிக்கு நானே பக்கத்தில் நின்று இருபது தடவை ஓடி ஓடி நிறுத்தச் சொன்னேன். மீட்டர் 77-ஐத் தொட்டுத் தொட்டு இறங்கியது. ரெசிஸ்டரில் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு.

இரண்டு டிரைவின் பணத்தை அக்காவிடம் கொடுத்தேன், அவனிடம் கொடுத்தால் வாங்க மாட்டான் என்று. அக்கா வாங்கிக்கொண்டாள், "நீ படிச்ச படிப்புக்கு இது ஃபீஸ்டா" என்றாள். 2.5 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஷெட் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது. காயில்காரர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வெடித்துப் போன டிரைவ் இரண்டையும் பையில் கொண்டு வந்திருக்கிறேன். எந்த மாஸ்ஃபெட் முதலில் போனது என்று கருகிய தடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தேநீர் இடைவேளையில் வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன். பிறகு துறைத் தலைவர் அனுமதித்தால் மெஷின்ஸ் லேபிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.